எழுதி வைத்தால்தான் ஆராய்ச்சி!

மன்னவனூர் மலையிலிருந்து ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில யோசனைகள்

கொடைக்கானலில் பஸ் ஏறுங்கள். வளைந்து வளைந்து போகும் மலைப் பாதை. வழியிலே பூம்பாறை வரும். அதையும் தாண்டிப் போங்கள். கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கிலோ மீட்டரில் ஒரு ஊர் வரும். அதுதான் மன்னவனூர்.

அங்கே பச்சைப் புல்வெளி இருக்கிறது. ஏரி இருக்கிறது. பூண்டும், கேரட்டும், உருளைக் கிழங்கும் விளையும் தோட்டங்கள் இருக்கின்றன. பகலிலேயே பனி மூட்டம் வந்து ஆளை மறைத்துவிடும்.

அந்தப் புல்வெளியிலே ஆடுகள் மேய்கின்றன. அவை நம் ஊர்ச் செம்மறி ஆடு மாதிரி இல்லை. உடம்பு முழுவதும் அடர்த்தியான கம்பளி மயிர்!

"இது என்ன ஆடு?" என்று கேட்பீர்கள்.

இது ஆராய்ச்சி ஆடு!

ஆம்! மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் என்று ஒரு நிலையம் உண்டு. ராஜஸ்தானில் அவிகா நகர் என்ற இடத்தில் 1962-ல் அது தொடங்கப்பட்டது. அதன் தென்மண்டல நிலையம்தான் மன்னவனூரில் இருக்கிறது. 1965-ல் ஏற்பட்டது. "பாரத் மெரினோ" என்ற கம்பளி ஆடு இங்கே வளர்க்கப்படுகிறது. முயல்களும் வளர்க்கப்படுகின்றன.

காதிலே நம்பர்!

பாரத் மெரினோ எப்படி வந்தது?

ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளையும், ராம்புலே, மெரினோ என்ற வெளிநாட்டுக் கிடாக்களையும் இணை சேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். கடைசியில், முக்கால் பங்கு வெளிநாட்டு ரத்தமும் கால் பங்கு நம் நாட்டு ரத்தமும் உள்ள ஆடு கிடைத்தது.

இதிலே ஒரு கேள்வி. முக்கால் பங்கு என்று எப்படித் தெரியும்? ஆட்டைப் பார்த்தால் தெரியுமா? தெரியாது.

நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்!

இந்த மாதிரிப் பண்ணைகளில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. காதிலே வில்லை மாட்டுவார்கள். தாய் எந்த நம்பர், தகப்பன் எந்த நம்பர், பிறந்த தேதி என்ன, பிறந்தபோது எடை என்ன என்று எழுதுவார்கள். மூன்றாம் மாதம் ஒரு எடை. ஆறாம் மாதம் ஒரு எடை. கம்பளி கத்தரித்தால் அது எத்தனை கிலோ என்று ஒரு கணக்கு.

ஒரு நாள் சோம்பலினால் தகப்பன் நம்பரை மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் குட்டியின் பரம்பரையே மாறிப் போகும். அதன் குட்டிகளின் கணக்கும் தப்பாகும். பல ஆண்டு உழைப்பு வீண்!

ஆடு இருக்கும். ஆராய்ச்சி இருக்காது.

ஆட்டுப் பண்ணைக்கு மட்டும் அல்ல. எல்லா ஆராய்ச்சிக்கும் இதுதான் விதி.

உங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டா?

முன்னே எல்லாம் ஆராய்ச்சி என்பது எங்கோ பெரிய இடத்து விஷயம். இன்று அப்படி இல்லை. நெசவாளர் மகளும், பெட்டிக் கடைக்காரர் மகனும் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்கிறார்கள். (ஊசி போடும் டாக்டர் அல்ல. ஒரு துறையில் புதிதாக ஒன்றைக் கண்டு எழுதுகிறவருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டம் இது.)

வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. "பையன் எம்.எஸ்சி. முடித்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் படிக்கிறானாம்! எப்போதுதான் முடியும்?" என்று தாய் கேட்கிறாள். பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பல இடங்களில் ஆராய்ச்சி முடிந்துதான் இருக்கும். எழுதுவதுதான் முடிந்திருக்காது!

சோதனை செய்யத் தெரியும். எழுதத் தெரியாது. எழுதினால் எங்கே அனுப்புவது என்று தெரியாது. அனுப்பினது திரும்பி வந்தால் மனம் உடைந்து போகும். பணம் பறிக்க வரும் போலிகளும் உண்டு.

இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெற்றோர்களும் படிக்கலாம். படித்தால் வீட்டில் சண்டை குறையும்!

டயரி எழுதியவர்

முதல் யோசனை: அன்றன்று எழுதுங்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு என்ற ஊர் உண்டு. அங்கே பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் சர் சி.வி. ராமனுடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது, அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. இதை 1928 பிப்ரவரியில் அவர்கள் கண்டார்கள். "ராமன் விளைவு" என்று அதற்குப் பெயர். ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பிப்ரவரி மாதத்தில் கிருஷ்ணன் டயரி எழுதி வைத்தார். எந்த நாளில் என்ன சோதனை செய்தார்கள், என்ன தெரிந்தது என்று அதில் இருக்கிறது. அந்தப் பெரிய கண்டுபிடிப்பு எப்படி நடந்தது என்பதற்கு இன்றும் அந்த டயரிதான் சாட்சி!

நீங்களும் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். பக்கங்களுக்கு நம்பர் போடுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்திலே சரியானதை எழுதுங்கள். சோதனை தோற்றுப் போனாலும் எழுதுங்கள். தோல்வியும் ஒரு செய்திதான்.

கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப் போனதால் மூன்று வருஷ வேலையை இழந்தேன் என்று அழுவதில் பயன் இல்லை.

கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட படங்கள்! எடுத்தவர்கள் மறைந்து போனார்கள். படங்களை இன்றைய விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்கிறார்கள். தேதி போட்டு ஒழுங்காக வைத்ததால்தானே இது முடிகிறது?

நினைத்தது ஒன்று, கண்டது ஒன்று!

இரண்டாவது யோசனை: கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்.

அதே கொடைக்கானல் கூடத்தில் நடந்த கதை இது.

1907-ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே வேலைக்கு வந்தார். சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றும். அவற்றை அவர் ஆராய்ந்தார். 1908-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹேல் என்பவர், கரும்புள்ளியிலே சுழல் இருப்பதாகச் சொல்லியிருந்தார். தண்ணீர்ச் சுழி மாதிரி! எவர்ஷெட்டும் அதைத்தான் தேடினார்.

1909 ஜனவரி 5. வானம் நன்றாக இருந்தது. பெரிய கரும்புள்ளிகளை எவர்ஷெட் படம் பிடித்தார். படத்தைப் பார்த்தால் சுழலைக் காணோம். கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு நாலா பக்கமும் வெளியே ஓடுவது தெரிந்தது!

அவர் என்ன செய்தார்? பெரியவர் சொன்னது சுழல் ஆயிற்றே என்று கணக்கை வளைத்தாரா? இல்லை. மறுபடியும் மறுபடியும் சோதித்தார். கண்டதை எழுதினார். கொடைக்கானல் கூடத்தின் சொந்த வெளியீட்டில், 15-ம் எண்ணாக, அதே ஆண்டில் அது வந்தது.

மலை மேலே அச்சான ஒரு சின்னப் பிரசுரம். அது உலகம் முழுவதும் போயிற்று. இன்றும் அதற்கு "எவர்ஷெட் விளைவு" என்றுதான் பெயர்.

பெரிய பத்திரிகையில் வந்ததால் பெரிய ஆராய்ச்சி ஆகிவிடாது. உண்மையாக இருந்தால் சிறிய பிரசுரத்தில் வந்தாலும் நிற்கும்.

நாலு கேள்வி

மூன்றாவது யோசனை: நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரை என்றதும் பயப்பட வேண்டாம். அது நாலு கேள்விக்குப் பதில். அவ்வளவுதான்!

ஏன் செய்தேன்? எப்படிச் செய்தேன்? என்ன கண்டேன்? அதனால் என்ன?

ஒரு உதாரணம் பார்ப்போம். இது கற்பனைதான்.

ஒரு மாணவி முயலுக்குக் கேரட் தழை கொடுத்துப் பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம்.

ஏன் செய்தாள்? மலையிலே கேரட் தழை வீணாகிறது. தீவனமோ விலை ஏறிவிட்டது. கேரட் தழை பற்றி முன்னே யார் யார் என்ன எழுதினார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

எப்படிச் செய்தாள்? இருபது குட்டிகளுக்கு வழக்கமான தீவனம். இருபது குட்டிகளுக்குத் தழை கலந்த தீவனம். எந்த வயது, எந்த இனம், எத்தனை கிராம், எத்தனை நாள் என்று எழுத வேண்டும். இதைப் படித்து இன்னொருவர் அதே சோதனையைச் செய்ய முடிய வேண்டும். சமையல் குறிப்பு மாதிரி! "கொஞ்சம் உப்பு" என்று எழுதினால் புது மருமகளுக்குப் புரியுமா?

என்ன கண்டாள்? எடை கூடிற்றா, குறைந்ததா? கணக்கை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு குட்டி செத்துப் போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மறைக்கக் கூடாது.

அதனால் என்ன? தழை கொடுக்கலாமா, கூடாதா? எவ்வளவு வரை கொடுக்கலாம்? இந்தச் சோதனையால் தெரிய வராதது எது? எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று பீற்றிக் கொள்ளக் கூடாது.

எழுதும்போது ஒரு தந்திரம் உண்டு. முதலில் அட்டவணையையும் படத்தையும் தயார் செய்யுங்கள். அடுத்து "எப்படி" என்ற பகுதியை எழுதுங்கள். அதுதான் சுலபம். பிறகு "என்ன" என்ற பகுதி. முன்னுரையைப் பின்னால் எழுதலாம். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். தலைப்பைப் பார்த்தவுடனே விஷயம் தெரிய வேண்டும்.

தினம் அரை மணி போதும். அதை விடாமல் எழுத வேண்டும். தீபாவளி லீவில் மொத்தமாக எழுதிவிடலாம் என்று தள்ளிப் போட்டவர்கள் அடுத்த தீபாவளிக்கும் எழுதுவது இல்லை!

ராமானுஜனுக்கும் திரும்பி வந்தது

"நான் பெரிய விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன். மொழி எப்படி இருந்தால் என்ன?" என்று சிலர் நினைக்கிறார்கள்.

கணித மேதை ராமானுஜனை விடவா?

அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வந்தது. அப்போது அதன் ஆசிரியர் எம்.டி. நாராயண அய்யங்கார். ராமானுஜன் எழுதியது மிகவும் சுருக்கமாக இருந்தது. நடுவிலே படிகளை விட்டுத் தாண்டினார். அவருக்குப் புரிந்தது, மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஆகவே அந்தக் கட்டுரை ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையே பல தடவை போய்ப் போய் வந்தது. திருத்தித் திருத்தி எழுதிய பிறகுதான் அச்சேறியது.

திருப்பி அனுப்பிய ஆசிரியர் விரோதியா? இல்லை. அவர் செய்தது உபகாரம். அந்தக் கட்டுரை வந்ததால்தான் ராமானுஜன் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது.

ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கும் கடிதம் எழுதினார். முதலில் எழுதிய இரண்டு பேராசிரியர்களால் பயன் இல்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1913 ஜனவரி 16-ல் ஹார்டி என்ற பேராசிரியருக்கு எழுதினார். அந்தக் கடிதம் அவர் வாழ்க்கையையே மாற்றியது.

நாலாவது யோசனை இதுதான்: புரியும்படி எழுதுங்கள், திரும்பி வந்தால் அழாதீர்கள்.

எழுதியதை வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும்.

பத்திரிகைக்குப் போன பிறகு

கட்டுரையை அனுப்பினால் என்ன நடக்கிறது?

பத்திரிகை ஆசிரியர் முதலில் பார்ப்பார். தங்கள் பத்திரிகைக்கு ஏற்றது இல்லை என்றால் உடனே திருப்பிவிடுவார். ஏற்றது என்றால், அந்தத் துறை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகும்.

குறை சொன்ன கடிதம் வந்ததும் கோபம் வரும். வரட்டும்! அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் படியுங்கள். அவர்கள் சொன்னது பாதிக்கு மேல் சரி என்று தோன்றும்.

ஒவ்வொரு குறைக்கும் நம்பர் போடுங்கள். "நீங்கள் சொன்னபடி இன்ன பக்கத்தில் திருத்தினேன்" என்று எழுதுங்கள். அவர் சொன்னது தப்பு என்றால் மரியாதையாகக் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு ஒரே கட்டுரையை அனுப்பக் கூடாது. ஒரு பெண்ணுக்கு இரண்டு இடத்தில் நிச்சயதார்த்தம் செய்கிற மாதிரி! இரண்டு இடத்திலும் மானம் போகும்.

தாமதமும் கூடாது. ராமன் தம் கண்டுபிடிப்பைப் பற்றி 1928 மார்ச் 16-ந் தேதி பெங்களூரில் பேசினார். அதை உடனே அச்சிட்டு, பல நாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதே பிப்ரவரியில் மாஸ்கோவிலும் இரண்டு விஞ்ஞானிகள் படிகத்தில் இதே மாதிரி ஒளியைக் கண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கட்டுரை பிந்தி வந்தது. நோபல் பரிசு ராமனுக்கு!

புகழ்ந்து வரும் கடிதம்

இனி எச்சரிக்கை!

ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு இமெயில் வரும். "மாண்புமிகு அறிஞரே! தங்கள் கட்டுரையை எங்கள் உலகப் பத்திரிகையில் மூன்று நாளில் வெளியிடுகிறோம். இத்தனை ஆயிரம் ரூபாய் அனுப்புங்கள்" என்று இருக்கும்.

பட்டம் வாங்க வேண்டுமே என்ற அவசரம். மாணவர் கடன் வாங்கிப் பணம் கட்டுவார். தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். கட்டுரையும் வரும். ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில், "இது போலிப் பத்திரிகை, செல்லாது" என்று தள்ளிவிடுவார்கள்.

பணம் போயிற்று. ஆராய்ச்சியும் போயிற்று. ஒரு முறை அச்சான கட்டுரையை நல்ல பத்திரிகை வாங்காது!

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று நாளில் வெளியிடுகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். யாரும் படித்துச் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் நிஜமானவர்களா என்று பாருங்கள். பழைய இதழ்களை வாசித்துப் பாருங்கள். பதிவு எண் இருப்பதால் மட்டும் நல்ல பத்திரிகை ஆகிவிடாது. நல்ல பத்திரிகைகளிலும் சில பணம் வாங்குவது உண்டு. ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சில பத்திரிகைகள் குறைத்தும் கொடுக்கும். பணமே வாங்காத நல்ல பத்திரிகைகளும் ஏராளமாக உண்டு.

நல்ல பத்திரிகைகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் ஒரு பட்டியல் கொண்டு வந்தது. 2025-ல் அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டது. ஆகையால், எது நல்ல பத்திரிகை என்று கண்டறியும் பொறுப்பு இப்போது கல்லூரிகளுக்கும் உங்களுக்கும்தான். பேராசிரியரைக் கேளுங்கள். நூலகரைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம். டாக்டர் பட்டத்திற்குக் கட்டாயமாகக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதியில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தேவையே இல்லாமல் பயந்து பணம் கட்டாதீர்கள்!

படிப்பதற்கும் இப்போது வசதி உண்டு. "ஒரே நாடு, ஒரே சந்தா" என்ற திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. சுமார் 13 ஆயிரம் ஆராய்ச்சிப் பத்திரிகைகளை மத்திய, மாநில அரசுக் கல்வி நிலையங்களில் உள்ளவர்கள் இலவசமாகப் படிக்கலாம். மலைக் கிராமத்தில் இருந்தாலும் படிக்கலாம்.

காப்பி அடித்தால்...

பிறர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் போடுவது திருட்டு. ஆராய்ச்சி நூலைக் கம்ப்யூட்டரில் போட்டால் எவ்வளவு ஒத்துப் போகிறது என்று சொல்லிவிடும்.

2018-ம் ஆண்டு மானியக் குழு விதி என்ன சொல்கிறது? 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 சதவீதம் வரை இருந்தால், ஆறு மாதத்திற்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஒரு வருஷம் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து!

தப்புவதற்கு வழி சுலபம். படித்த புத்தகத்தை மூடி வையுங்கள். புரிந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். யாரிடமிருந்து எடுத்தது என்று பெயரைச் சொல்லுங்கள்.

இன்று கம்ப்யூட்டரே கட்டுரை எழுதிக் கொடுக்கிறது. பிழை திருத்த அதை உபயோகிக்கலாம் என்று பல பத்திரிகைகள் அனுமதிக்கின்றன. ஆனால் உபயோகித்ததைச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் சில சமயம் இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்லும்! அதை நம்பிப் போட்டால் மாட்டிக் கொள்வது கம்ப்யூட்டர் அல்ல, நீங்கள்தான்.

யார் பெயரைப் போடுவது?

கட்டுரையில் யார் யார் பெயர் வரும்? வேலை செய்தவர் பெயர் வரும். யோசித்தவர், சோதித்தவர், எழுதியவர் ஆகியோர் பெயர் வர வேண்டும். பெரிய மனிதர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பது தப்பு. சிறியவர் என்பதற்காக விடுவதும் தப்பு.

எவர்ஷெட்டின் மனைவி மேரியும் வானியல் அறிந்தவர். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றிய பெரிய அறிக்கை 1917-ல் கொடைக்கானல் கூடத்தில் இருந்து வந்தது. அதிலே கணவர் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதை வேலை ஆரம்பிக்கும்போதே பேசிக் கொள்ளுங்கள். முடிந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். குளிரிலே ஆட்டைப் பிடித்து எடை போட உதவிய தொழிலாளிக்கு, கட்டுரையின் கடைசியிலாவது நன்றி சொல்லுங்கள்.

சம்பளம், கலியாணம், குழந்தை

ஆராய்ச்சி மாணவரும் மனிதர்தானே! அவருக்கும் வயிறு உண்டு, குடும்பம் உண்டு.

"நெட்" தேர்வு எழுதி இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை பெற்றவர்களுக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37 ஆயிரம் ரூபாய் என்று ஆயிற்று. பிறகு அது 42 ஆயிரம் ஆகும். ஆனால் எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை. பணம் மாதா மாதம் சரியாக வரும் என்றும் நம்பக் கூடாது. மூன்று மாதச் செலவுக்காவது கையில் வைத்திருங்கள்.

எத்தனை வருஷம் ஆகும்? 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருஷம். சாதாரணமாக ஆறு வருஷத்திற்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை உண்டு. பிரசவத்திற்கும் குழந்தை வளர்ப்பிற்கும் 240 நாள் வரை லீவு உண்டு. "கலியாணம் ஆகிவிட்டது, படிப்பை விட்டுவிடு" என்று சொல்லும் வீட்டார் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

வழிகாட்டும் பேராசிரியரை "கைடு" என்பார்கள். அவரிடம் மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுங்கள். பேசியதை எழுதி அவருக்கே அனுப்புங்கள். "நான் சொல்லவில்லையே", "நீங்கள்தான் சொன்னீர்கள்" என்ற வழக்கு வராது.

ராத்திரி முழுதும் கண் விழிப்பதால் ஆராய்ச்சி வளராது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுங்கள். மனம் மிகவும் சோர்ந்தால் யாரிடமாவது சொல்லுங்கள். டாக்டரிடம் போவது அவமானம் இல்லை.

பொறுமையும் வேண்டும். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருந்த பாதிரியார் கே.எம். மாத்யூ, பழனி மலைச் செடிகளை ஆராய்ந்தார். மலை மலையாக ஏறிச் செடிகளைச் சேகரித்தார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1999-ல் வந்தது. 2004-ல் அவர் காலமானார். நூல் இருக்கிறது!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

"எப்போது முடியும்?" என்று தினமும் கேட்காதீர்கள். "இன்று என்ன எழுதினாய்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி குத்தும். இரண்டாவது கேள்வி தூண்டும்.

புரியாவிட்டாலும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நமக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்துவிட்டால், அவர்களுக்கு எழுதவும் தெரிந்துவிடும்.

கட்டுரை வெளிவந்த பிறகும் ஒரு வேலை பாக்கி உண்டு. அதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. பூண்டு போடும் விவசாயிக்கும், ஆடு மேய்க்கும் பெரியவருக்கும் அது எட்டுமா? எந்தத் தீவனம் நல்லது, எந்த மாதம் நோய் வரும் என்று நாலு வரி தமிழில் சொன்னால் அவர்கள் பிழைத்துக் கொள்வார்கள். அவர்கள் கட்டும் வரியும் சேர்ந்துதானே ஆராய்ச்சி நடக்கிறது?

மன்னவனூர்ப் புல்வெளியில் மேயும் ஆட்டுக்குத் தன் பாட்டன் பெயர் தெரியாது. ஆனால் பண்ணை நோட்டுக்குத் தெரியும்.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளே! நீங்கள் கண்டது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், அது உங்களோடு போய்விடும். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுங்கள். தேதியைப் போடுங்கள். இன்று கண்டதை நாலு வரி எழுதுங்கள்.

நாளைக்கு என்று வைக்காதீர்கள்!